என் பக்கத்துக் கிளட்ச்

செவ்வாய்க்கிழமை

அன்பு மனைவிக்கு,

நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். இடது கால் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுக்குள் இருக்கிறது. அதை விட்டால் நலம். நீ உன் தங்கை வீட்டுக்குப் போனதிலிருந்து உன் நலத்தை அவள் வாயால்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். "அக்கா போன்ல பேச மாட்டாங்களாம் அத்தான், எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பச் சொன்னாங்க" என்றாள். கட்டிய மனைவியிடம் பேசத் தபால்காரர் தயவு வேண்டியிருக்கிறது. இருபத்து நான்கு வருடத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும், பொறுத்துப் படி.

காலுக்கு என்ன என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சமையலறைக்குப் போகும் வழியில் இருக்கிற பல்பு ஒரு மாதமாக எரியவில்லை. ஸ்டூல் போட்டு ஏறினேன். ஸ்டூல் ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன். நீ இருந்திருந்தால் ஸ்டூலைப் பிடித்திருப்பாய், பிடித்துக்கொண்டே திட்டியும் இருப்பாய். எட்டு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. பல்பு இன்னும் எரியவில்லை.

டிரைவிங் பயிற்சிப் பள்ளியில் எனக்குப் பதிலாக முதலாளியே வகுப்பு எடுக்கிறாராம். பிள்ளைகள் "கிளட்ச் வாத்தியார் எப்ப வருவார்" என்று கேட்கிறார்களாம். கேட்கட்டும். வாசலில் இரண்டு மினிவேன் நிற்கிறது, ஆனால் என்னால் தெருமுனை வரைக்கும் போக முடியவில்லை. என் கியர் வண்டிக்கு உயிர் இருக்கிறது, கிளட்சை மிதிக்க எனக்குக் கால் இல்லை. உன் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இடது காலே வேண்டாம், ஆனால் அதற்கு உயிர் இல்லை. நேற்று மருந்து கொடுக்க வந்த மருந்துக்கடைக்காரர் இரண்டையும் பார்த்துவிட்டு, "என்ன சார், வாசல்ல வண்டிங்களுக்கு முதியோர் இல்லம் தொடங்கிட்டீங்களா" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் நான் அப்போதே சொன்னது நினைவுக்கு வருகிறது. பழைய மினிவேன் வாங்குவதென்றால் கியர் வண்டிதான் வாங்க வேண்டும். கிளட்ச் தேய்ந்தால் தட்டு மாற்றிக்கொள்ளலாம். பேட்டரி போனால் நாலு பேர் தள்ளினால் கிளம்பிவிடும். இறக்கத்தில் இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அப்படி இல்லை. ஏழு பேர் பாரத்தைப் பதினைந்து வருடம் இழுத்த பெட்டி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். போனால் போனதுதான். நீ பள்ளிக்கு ஏற்றிப்போகிற மூன்று வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரை உள்ளே வைத்துக்கொண்டு பாலத்து நடுவில் நீ நின்ற நாளை நான் குத்திக்காட்டவில்லை. நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். மொத்தம் நாலே வரி. நலம் விசாரிப்பு கூட இல்லை. உன் தங்கை ஊரில் நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி இருக்கிறது, அதன் வேன் டிரைவர் அடுத்த மாதக் கடைசியோடு ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு உன்னைக் கேட்கிறார்கள், ஆனால் அது பழைய கியர் வண்டி. உன் உரிமத்தில் ஆட்டோமேட்டிக் மட்டும் என்று இருக்கிறது. கியர் வண்டித் தேர்வில் மூன்று முறை தோற்றவர்கள் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்பது விதி, உனக்கு இன்னும் இரண்டு வருடம் மிச்சம். தோற்றது பயிற்சியின் குறையால்தான் என்று கற்றுக்கொடுத்தவரே எழுதிக்கொடுத்தால் அந்தத் தடை நீங்கும். அதற்கான படிவத்தை உள்ளே வைத்திருக்கிறாய், நான் கையெழுத்துப் போட வேண்டும். இவ்வளவையும் நாலு வரியில் அடக்கிவிட்டாய், கெட்டிக்காரிதான்.

அந்தப் படிவத்தின் பின்பக்கத்தைப் படித்தாயா? கையெழுத்துப் போட்ட பயிற்சியாளரின் அனுமதி அட்டையை ஒரு வருடத்துக்கு வாங்கி வைத்துவிடுவார்கள். இருபத்து இரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஆயிரம் பேருக்கு மேல் என் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். கை நடுங்குகிற தாத்தாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வலது எது இடது எது என்று தெரியாத வக்கீலுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் பயிற்சியில் குறை என்று எவனும் விரல் நீட்டியதில்லை. நானே என் கையால் எழுதித் தர வேண்டுமாம். பொய்க் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்குக் கிடையாது.

கால் சரியாகட்டும், நீ வீட்டுக்கு வா. நானே மறுபடியும் சொல்லித்தருகிறேன். இரண்டு வருடம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். உன் தங்கை வீட்டில் எத்தனை நாளைக்கு விருந்தாளியாக இருப்பாய்? அடுப்படி அலமாரியில் எது எங்கே இருக்கிறது என்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சர்க்கரை என்று நினைத்து டீயில் உப்பைப் போட்டுக் குடித்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் தங்கைக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் கணவன்

*

சனிக்கிழமை

அன்பு மனைவிக்கு,

உன் பதில் கிடைத்தது. ஐந்து பக்கம் நான் எழுதினேன், நீ ஒரு வரி எழுதியிருக்கிறாய். "தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஒருநாளாவது வண்டியை நானே எடுத்தேனா, உண்மையை மட்டும் எழுதுங்கள்." அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் இந்த வீட்டுக்குள் நொண்டியடித்தேன். கோபம் கோபமாக வந்தது. பதில் எழுதவே கூடாது என்று நினைத்தேன். நினைத்துவிட்டு என்ன செய்ய? வெளியே போகவும் வழியில்லை, யாரிடமாவது கத்தவும் ஆளில்லை.

வியாழக்கிழமை கட்டுப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. மருந்துக்கடைக்காரர் தன் வண்டியில் அழைத்துப் போனார். அவருடையதும் பழைய மினிவேன்தான், ஆட்டோமேட்டிக். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். மனிதர் நன்றாகத்தான் ஓட்டினார், அவசரமே இல்லை. கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, என்னைத் திரும்பிப் பார்த்து, "சார், அந்தப் பக்கம் மிதி ஒண்ணும் இல்ல, நீங்க வெறும் தரையத்தான் மிதிச்சிட்டு இருக்கீங்க" என்றார். குனிந்து பார்த்தேன். என் நல்ல கால் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. மாவுக்கட்டுக் கால்கூட உள்ளே இழுத்துப் பிடித்து வலித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரைக்கும் காலை நிறுத்த முடியவில்லை. நிறுத்த வேண்டும் என்று நினைத்தால் இன்னும் அழுத்துகிறது.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்து எலும்பு நன்றாகச் சேர்கிறது என்றார். அது நல்ல செய்தி. திரும்பி வரும்போது தண்ணீர்த் தொட்டி மேடு வழியாகத்தான் வந்தோம். மேட்டுப் பாதியில் ஒரு லாரி நின்றது, நாங்களும் நின்றோம். அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார், ஆக்ஸிலேட்டரை அழுத்தினார், வண்டி போய்விட்டது. அவ்வளவுதான் வேலை. அதைப் பார்த்ததும் உன் கேள்விக்குப் பதில் எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். தைரியம் போவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இல்லை. ஒருநாள்கூட நீயாக எடுக்கவில்லை.

முதல் நாள் நீ கிளட்சைச் சட்டென்று விட்டதில் வண்டி எகிறிப் பள்ளிக்கூடச் சுவரை உரசிக்கொண்டு போனது நினைவிருக்கும். எனக்கு உயிரே போய்விட்டது. மற்றவர்கள் எகிறினால் எனக்குக் கை காலெல்லாம் அமைதியாக இருக்கும். நீ எகிறினபோது அப்படி இல்லை. அன்றிலிருந்து, பயிற்சி வண்டியில் வாத்தியாருக்கென்று இருக்கிற இரண்டாவது மிதியில், என் பக்கத்துக் கிளட்சில் கால் வைத்தேன். மற்ற யாராக இருந்தாலும் முதல் வாரம் வைப்பேன், இரண்டாம் வாரம் எடுத்துவிடுவேன், மூன்றாம் வாரம் இரண்டு காலையும் மடக்கி உட்கார்ந்துகொள்வேன். அதுதான் முறை. உனக்கு மட்டும் எடுக்கவே இல்லை. நாற்பத்தொரு வகுப்பு. மேட்டில் உன் கால் மேலே வந்துவிடும், என் கால் கீழே பிடித்துக்கொண்டிருக்கும், நான்தான் மெதுவாக விடுவேன், வண்டி பூப்போலக் கிளம்பும்.

ஒருமுறை நீ கேட்டாய், "என்னங்க, இந்த மிதி ஏன் என் கால் சொல்றபடி வர மாட்டேங்குது?" என்று. பழைய வண்டி அப்படித்தான் இருக்கும், பழகினால் சரியாகிவிடும் என்று சொன்னேன். அந்தப் பொய்யை யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து தானாக வந்தது. அதனால் அது சின்னப் பொய் ஆகிவிடாது என்பது எனக்கும் தெரியும்.

பயம் என்று எழுதிவிட்டு இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நீயும் மன்னித்துவிடக்கூடும். ஆனால் நீ உண்மையை மட்டும் கேட்டிருக்கிறாய். முதல் மாதம் வரைக்கும்தான் பயம். அதற்குப் பிறகு வேறு. மேடு ஏறி முடிந்ததும் நீ என் பக்கம் திரும்பி, "நல்லா எடுத்துட்டேன்ல?" என்று கேட்பாய். முகமெல்லாம் வேர்த்திருக்கும், சிரிப்பாய். நான் "ம்" என்பேன். எனக்கு அது பிடித்திருந்தது. நீ கற்றுக்கொண்டுவிட்டால் அப்படித் திரும்பிப் பார்க்க மாட்டாய் என்றும் தெரிந்திருந்தது. முதல் வகுப்புக்கு வரும்போதே நீ சொல்லிக்கொண்டு வந்தாய், "இத கத்துக்கிட்டா யாரையும் கேக்காம தங்கச்சி ஊருக்கு நானே போயிட்டு வந்துடுவேன்" என்று. விளையாட்டாகத்தான் சொன்னாய். அது என் மனதில் முள்ளாக நின்றுவிட்டது.

மூன்று தேர்விலும் பிடித்துக்கொள்ள என் கால் பக்கத்தில் இல்லை, அதே மேட்டில் வண்டி நின்றது. மூன்றாவது முறை நீ வீட்டுக்கு வந்து அந்தச் சமையல் மேடை ஓரத்தில் நின்றுகொண்டு, "எனக்கு இது வராதுங்க, சிலருக்கு வராதில்ல?" என்றாய். நான் ஆறுதல் சொன்னேன். தோளில் கைகூட வைத்தேன். அதை நினைத்தால் இப்போது கை கூசுகிறது.

இப்போதெல்லாம் பகல் முழுக்க அந்தச் சமையலறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், அங்கேதான் வெளிச்சம் இருக்கிறது. அந்த ஜன்னலில் எதுவுமே தெரியாது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. இரண்டு வண்டியின் பின்பக்கம், மதில், மதிலுக்கு மேலே கொஞ்சம் ஆகாயம். உன் வண்டி நின்றுபோன பிறகு பதினொரு மாதம் நீ இந்த ஜன்னலுக்கு முன்னால்தான் நின்றாய். பிள்ளைகளை அவர்கள் அம்மாக்கள் வேறு ஆளிடம் விட்டுவிட்டார்கள். கடைக்குப் போக வேண்டும் என்றால் நான் வரும்வரை காத்திருப்பாய், நான் களைப்பாக இருக்கிறது நாளைக்குப் பார்க்கலாம் என்பேன். எனக்கு ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் மூச்சு முட்டுகிறது. ஆனால் எனக்குக் கட்டுப் பிரிக்கும் தேதி தெரியும். உனக்கு ஒரு தேதியும் தெரியாது.

இவ்வளவும் எழுதிவிட்டேன். ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போட இன்னும் மனம் வரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். உனக்குச் சொல்வது வேறு, அலுவலகத்தில் போய் நின்று எழுதித் தருவது வேறு. அட்டை போனால் நான் யார்? கால் சரியாகி எழுந்தாலும் போக இடம் இருக்காது. முதலாளி முகத்தில் எப்படி விழிப்பேன்? ஒன்று மட்டும் மாறிவிட்டது. பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன் என்று போன கடிதத்தில் வீராப்பாக எழுதினேன், அந்தச் சாக்கு இனி என்னிடம் இல்லை. அந்தப் படிவத்தில் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை.

கொஞ்சம் நாள் கொடு. அவர்கள் எந்தத் தேதிக்குள் கேட்கிறார்கள் என்று உன் தங்கையிடமாவது சொல்லிவிடு.

உன் கணவன்

*

வெள்ளிக்கிழமை

அன்புள்ள உனக்கு,

நீ பதில் எழுதவில்லை. உன் தங்கை மட்டும் போனில் தேதியைச் சொன்னாள். இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் தடை நீங்கினால்தான் தேர்வுக்குப் பதிவு செய்ய முடியுமாம். "அக்கா உங்க லெட்டர படிச்சிட்டு ரெண்டு நாள் யாரோடயும் பேசல, அத்தான்" என்றும் சொன்னாள்.

நேற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ கடிதம் முழுவதையும் பதைப்போடு படிக்க வேண்டாம். நகலை இதோடு வைத்திருக்கிறேன். முத்திரை நன்றாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் வைத்து இரண்டு முறை பார்த்தேன், விழுந்திருக்கிறது. இதைக் கொண்டுபோய் அந்த ஊர் அலுவலகத்தில் காட்டினால் போதும்.

மருந்துக்கடைக்காரர்தான் அழைத்துப் போனார். எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. வழி நெடுக மழை வருமா வராதா என்று மட்டும் பேசினார். இந்த முறை பின் இருக்கையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன். அலுவலகப் படி பதினொன்று, ஊன்றுகோலோடு ஏறுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. எத்தனையோ பேரை அந்தப் படியில் தோள் தட்டி அனுப்பியிருக்கிறேன்.

தேர்வு அதிகாரியை உனக்குத் தெரியும், நாங்கள் மௌனசாமி என்று கூப்பிடுவோமே, அவரேதான். உன் மூன்று தேர்விலும் பக்கத்தில் உட்கார்ந்தவர். படிவத்தை வாங்கி முழுக்கப் படித்தார். காரணம் எழுதும் கட்டத்தில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: நாற்பத்தொரு வகுப்பிலும் பயிற்சியாளர் தன் கிளட்சை மிதித்துக்கொண்டிருந்தார், பயிற்சி பெற்றவருக்கு அது சொல்லப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அட்டைய வாங்கி வைக்கணும் சார், ஒரு வருஷம், தெரியும்ல?" என்று கேட்டார். தெரியும் என்று சொல்லி மேசையில் வைத்தேன். அவர் இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டார். சத்தம்கூட வரவில்லை.

பிறகு அந்த மனிதர் பேசினார். இத்தனை வருடத்தில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "மூணு தடவையும் வண்டி நின்ன உடனே உங்க வீட்டம்மா ரோட்டப் பாக்கல சார், என் காலத்தான் பாத்தாங்க. அப்புறம் என் முகத்தப் பாத்தாங்க. இது ஏதோ தப்பா பழகின ஆளுன்னு எனக்கு அப்பவே தோணிச்சு. கத்துக்குடுத்தது நீங்கன்னதால வாய மூடிட்டேன்" என்றார். அவர் தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சேர்க்க இன்னொன்று இருக்கிறது. அதற்கு அலுவலகத்தில் படிவம் இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். இதைப் படித்தபின் நீ எனக்கு இனி எழுதாமலே போகலாம், அதற்கும் தயாராகத்தான் எழுதுகிறேன்.

உன் கியர்பாக்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் போகவில்லை. போவதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ உள்ளே பிள்ளைகளுக்கான இருக்கை உறைகளைத் தைத்துக்கொண்டிருந்தாய். உன் வண்டி சிக்னலில் கிளம்பும்போது ஒரு நொடி தயங்கிவிட்டுப் போவதை அந்த வாரம் கவனித்திருந்தேன். முன்மூடியைத் திறந்து கியர்பாக்ஸ் ஆயில் பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தேன். அந்த எண்ணெய் சிவப்பாக இருக்க வேண்டும். கறுப்பாக இருந்தது, மூக்குக்கிட்டே கொண்டுபோனால் கருகின வாடை. அன்றைக்கே எண்ணெயை மாற்றியிருந்தால் அந்தப் பெட்டி இன்னும் சில வருடம் ஓடியிருக்கும். நான் கம்பியைத் துணியில் துடைத்தேன், திரும்பச் செருகினேன், மூடியைச் சாத்திவிட்டு உள்ளே வந்து டீ கேட்டேன். நீ தையலை நிறுத்திவிட்டு எழுந்து போட்டுக் கொடுத்தாய்.

என்னிடம் சொல்லாமல் வேறு பள்ளியில் போய் ஆட்டோமேட்டிக் உரிமம் எடுத்தாய், உன் சொந்தச் சேமிப்பில் வண்டி வாங்கினாய். காலையில் எனக்கு முன்னால் கிளம்பிவிடுவாய். அந்த ஒன்றரை வருடம் நீ பாடிக்கொண்டு வேலை செய்தாய், அது எனக்குக் கேட்டது. கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை. ஆட்டோமேட்டிக்கை நம்பக் கூடாது என்று நான் சொன்னது பலிக்கட்டும் என்று இருந்துவிட்டேன். உள்ளே ஐந்து குழந்தைகள் உட்காருவார்கள் என்று அப்போது ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பாலத்தில் பின்னால் வந்த வண்டி பிரேக் பிடிக்காமல் போயிருந்தால் என்ற நினைப்பு இப்போது சாப்பிடும்போதெல்லாம் வருகிறது.

கியர் வண்டி நல்லதா, ஆட்டோமேட்டிக் நல்லதா என்று இருபது வருடமாக ஊரெல்லாம் வாதாடியிருக்கிறேன். இரண்டுமே ஒழுங்காகத்தான் ஓடும், என்னை மாதிரி ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால்.

முதலாளியிடம் நானே போனில் சொல்லிவிட்டேன். கால் சரியானதும் அலுவலக அறையில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக்கொடுக்கிற வேலையைப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். பார்க்கிறேன் என்றேன். வண்டிப் பக்கம் போக வேண்டாம் என்றார். அது நியாயம்தான். உன் வண்டி உன் பெயரில் இருக்கிறது, அதை என்ன செய்வதென்று நீதான் சொல்ல வேண்டும். கியர்பாக்ஸை மாற்றுவதா, பழைய இரும்புக்குப் போடுவதா, இரண்டில் எது என்றாலும் நான் கருத்துச் சொல்ல மாட்டேன்.

பாடமாக ஒரே ஒரு விஷயம் எழுதுகிறேன், இதற்கு மட்டும் அனுமதி கொடு. அந்த ஊரில் யாரிடம் கற்றுக்கொண்டாலும் முதல் நாளே அவர்கள் காலை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேள். கூச்சப்படாதே. மூன்றாம் வாரம் அவர்கள் காலை மடக்கி உட்காரவில்லை என்றால் ஆளை மாற்று. மேட்டில் வண்டி நின்றுபோனால் போகட்டும், அது குற்றமில்லை, எனக்கே இன்றைக்கும் நிற்கும். மறுபடி கிளப்பு. உன் காலில் ஒரு கோளாறும் இல்லை, அன்றைக்கும் இருந்ததில்லை. நான் இதை வாத்தியாராகச் சொல்கிறேன், அட்டை இல்லாவிட்டாலும்.

அந்தப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நீ நல்லபடியாகப் போய் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வீட்டுக்கு வா என்று முதல் கடிதத்தில் எழுதினேன், அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தேர்வில் ஜெயித்தால் எனக்கு எழுத வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் என்றைக்காவது, உனக்கே தோன்றி, இந்தப் பக்கம் வர வேண்டும் என்றிருந்தால் வண்டியை நீயே ஓட்டிக்கொண்டு வா. உள்ளே கொண்டுவந்து விடாதே. தெருவைப் பார்த்தபடி திருப்பியே நிறுத்து. சாவியை உன் கையிலேயே வைத்துக்கொள். ஒரு டீ குடிக்கிற நேரம் இருந்துவிட்டுக் கிளம்புகிறேன் என்று சொன்னாலும், நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்